ஆறு மாத அடைப்பு

எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பேர். அதில் சாமான்களை ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். என் சிநேகிதி பொன்னியின் ரெக்கார்டு நோட்டில் எண்ணெய்க் கறை இருக்கும். பக்கங்களுக்கு நடுவே பஸ் டிக்கெட் இருக்கும், ஒருமுறை பாதி தின்ற முறுக்குகூட இருந்தது. அந்த வருஷம் பொன்னி பாஸ் செய்தாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம். பி.எஸ்ஸி. தாவரவியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். மார்ச் பதினைந்தாம் தேதி பிராக்டிகல் பரீட்சை. மூன்று வருஷமாக ஆய்வுக்கூடத்தில் பார்த்ததையெல்லாம் வரைந்து எழுதிய ஐந்து ரெக்கார்டு நோட்டுகளையும், பேராசிரியர் கையெழுத்தோடு, அன்றைக்கு மேஜையில் வைக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் அதைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் மைக்ராஸ்கோப் பக்கமே விடுவார். ரெக்கார்டு இல்லையென்றால் பரீட்சை இல்லை. பரீட்சை வருஷத்துக்கு ஒருமுறைதான்.

எங்கள் வீட்டில் எனக்குக் கொடுத்திருந்த கெடுவும் அப்படித்தான். மண்டியில் மணிலாக்கொட்டை மூட்டைகளுக்கு எடை போடும் அப்பா என்னைக் கல்லூரியில் சேர்த்த அன்றே சொல்லிவிட்டார். "மூணு வருசம் கஸ்தூரி. ஒரு நாள் ஜாஸ்தி கெடையாது. பாஸ் பண்ணிட்டா மேல டீச்சருக்குப் படி. இல்லன்னா கல்யாணம்." பாஸ் பண்ணாமல் போவேன் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

வீடு பெரிய கோயிலுக்குக் கிழக்கே ஒரு சந்தில் இருந்தது. ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள், பக்கத்தில் நீளமாக ஒரு நடை. முன்னறையில் அண்ணன் அர்ஜுனனும் அண்ணி வள்ளியும் இருந்தார்கள். அண்ணன் லாரி டிரைவர், பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். பின்னால் சமையலறை, அதில் அம்மாவும் அப்பாவும் நானும் படுத்துக்கொள்வோம். நடு அறை பெரியப்பா ஆதிமூலத்துக்கும் பெரியம்மா வெள்ளையம்மாளுக்கும். அவர்களுக்குப் பிள்ளையில்லை. சிமெண்ட் தரை போட்ட ஒரே அறை அதுதான். சுவரில் கதவு வைத்த அலமாரி இருந்ததும் அங்கேதான். சமையலறையில் எலி, முன்னறையில் கரையான். என் படிப்பு முழுவதும் பெரியப்பாவின் அலமாரிக்குக் குடிபோனதற்கு இதுதான் காரணம்.

மாசி பிறந்ததும் நான் அடுக்க ஆரம்பித்தேன். மூன்று வருஷத்து நோட்ஸையும் பேப்பர் வாரியாகப் பிரித்து, சிலபஸ் வரிசையில் வைத்து, நாடா போட்டுக் கட்டினேன். மலைச்சரிவில் மழைக்காலத்தில் பறித்துவந்து காயவைத்து அட்டையில் தைத்த செடிகள் நாற்பது. அவற்றுக்கு நடுவே செய்தித்தாள் வைத்து, அந்துருண்டை போட்டு, மேல்தட்டில் படுக்கவைத்தேன். பெரியப்பா கட்டிலில் படுத்தபடியே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு மூச்சிளைப்பு.

"இந்தச் செத்தையெல்லாம் எப்ப எடுத்துக்கினு போவ? நாத்தம் தாங்கல."

"மார்ச் பதினஞ்சு பெரியப்பா. அன்னிக்கே காலி பண்ணிடறேன்."

"அதுக்குள்ள நான் காலி பண்ணிடுவேன்" என்பார். எல்லோரும் சிரிப்போம். அவர் ஐந்து வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சந்திரம்மாள் மேடம் எங்கள் ஐந்து ரெக்கார்டுகளிலும் கடைசிக் கையெழுத்துப் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை. "எல்லாத்தையும் டிபார்ட்மெண்ட் பீரோலயே வெச்சிட்டுப் போங்க, பரீட்சை அன்னிக்கு எடுத்துக்கலாம்" என்றார். இருபத்தோரு பேர் வைத்தார்கள். நான் மட்டும், "பிரவுன் அட்டை போட்டுக் கொண்டாந்துடறேன் மேடம்" என்று கேட்டு வாங்கி வந்தேன். பொன்னியின் முறுக்கு நோட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது. என் நோட்டுகள் சனிக்கிழமை முழுக்க என் மடியில் இருந்தன. அட்டை போட்டேன், லேபிள் ஒட்டினேன், ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்துப் பெயர் எழுதினேன். திங்கட்கிழமை கொண்டுபோகலாம் என்று அலமாரியில் வைத்தேன்.

ஞாயிறு சிவராத்திரி. ஊரெல்லாம் ஜனம். திங்கள் விடியற்காலையில் பெரியப்பா போய்விட்டார். சொன்னபடியே எனக்கு முன்னால் காலி செய்துவிட்டார்.

அழுதேன். நிஜமாகவே அழுதேன், அவரை எனக்குப் பிடிக்கும். வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தேன், காப்பி கலந்தேன். மத்தியானம் எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்களெல்லாம் சேர்ந்து வீட்டைக் கழுவினோம். நடு அறையைக் கழுவியது நான்தான். கையில் துடைப்பத்தோடு அந்த அலமாரிக்குக் கீழேயே குந்தி உட்கார்ந்து தரையைத் தேய்த்தேன். அப்போது கையை நீட்டியிருந்தால் போதும். எனக்குத் தோன்றவே இல்லை. வீடு ஈரமாயிருக்கிறது, நோட்டு அங்கேயே நனையாமல் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்து என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

கழுவி முடித்து வெளியே வந்தபோது, பஞ்சாங்கம் பார்க்கப் போயிருந்த அண்ணன் திரும்பி வந்தான். முகம் சரியில்லை.

"அவிட்டமாம். ஆறு மாசம் அடைப்பு."

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். ஆகாத நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் உயிர் பிரிந்த அறையை அடைத்துவிட வேண்டும். நட்சத்திரத்தைப் பொறுத்து இரண்டு மாசம், மூன்று மாசம். அவிட்டமென்றால் ஆறு மாசம். அதற்குள் அறையைத் திறந்தாலோ, உள்ளே இருக்கும் பொருளை எடுத்தாலோ, செத்தவர் குடும்பத்தில் இன்னும் ஐந்து உயிரைக் கூட்டிக்கொண்டு போவார் என்பார்கள். பெரியம்மா எழுந்து வந்து கதவைச் சாத்தினாள், பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகினாள். அண்ணன் ஒரு வேலிமுள் கிளையைக் கொண்டுவந்து கதவுக்குக் குறுக்கே சாத்தினான். முள் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஐயோ, என் ரெக்கார்டு."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இழவு வீட்டில் ஒரு பெண் ஐயோ என்றால் யார் திரும்புவார்கள்?

மூன்றாம் நாள் பெரியம்மாவிடம் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். "அஞ்சு நோட்டு மட்டும் பெரியம்மா. கட்டில் பக்கமே போகமாட்டேன்."

"அஞ்சு நோட்டுக்கு அஞ்சு உசுரா?" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "வள்ளிய நெனச்சிப் பாருடி" என்றாள்.

அதுதான் விஷயம். அண்ணிக்கு ஏழாம் மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை நான்காம் மாதத்திலும் ஐந்தாம் மாதத்திலும் கலைந்துபோயிருந்தது. இந்தத் தடவை ஏழு வரைக்கும் வந்ததே பெரிசு என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஐந்து உயிர் என்று பெரியம்மா சொன்னால், வீட்டில் அத்தனை பேர் கண்ணும் அண்ணியின் வயிற்றுக்குத்தான் போகும்.

நான் விஞ்ஞானம் படித்தவள். கத்திப் பார்த்தேன். "வானத்துல எங்கியோ இருக்கிற நட்சத்திரத்துக்கும் என் நோட்டுக்கும் என்னாம்மா சம்பந்தம்?" என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா, "எனக்கு இன்னாடி தெரியும், உங்க அப்பாவக் கேளு" என்றாள். அப்பா பஞ்சாங்கக்காரரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"நம்ம ஜனமில்லாம, வேத்து மனுசங்க யாராவது உள்ள போயி எடுத்தாந்தா ஆகாதுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"யாரு உள்ள போறாங்கன்றது கணக்கில்ல தசரதா. அந்த ரூம்லருந்து எது வெளிய வருதுன்றதுதான் கணக்கு" என்றார் அவர். கோபமில்லாமல், ரொம்ப வருத்தமாகத்தான் சொன்னார். "பரிகாரம் இருந்தா நானே சொல்லமாட்டனா? புள்ள படிக்கிற புள்ள."

கல்லூரியில் சந்திரம்மாள் மேடத்திடம் சொன்னேன். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். அடைப்பு என்றதும் அவர் முகத்திலும் ஒரு நிழல் வந்து போனதைப் பார்த்தேன். "நான் கையெழுத்துப் போட்டது எனக்குத் தெரியும் கஸ்தூரி. ஆனா எக்ஸ்டர்னல் கண்ணால பார்க்கணுமே. திரும்ப எழுது. எழுதினா கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார்.

மூன்று வருஷத்தை இரண்டு வாரத்தில் எழுத உட்கார்ந்தேன். பொன்னி தன் நோட்டைப் பீரோவிலிருந்து வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவள் வரைந்த தண்டின் குறுக்குவெட்டுப் படம் உடைந்த தோசை மாதிரி இருந்தது, அதைப் பார்த்து நான் வரைய வேண்டியிருந்தது. சாவு வீட்டில் தினம் துக்கம் கேட்க ஆள் வரும். கீழ்பென்னாத்தூரிலிருந்து சொந்தங்கள் வந்து தங்கின. வந்தவர்களுக்குச் சோறாக்கிவிட்டு, சமையலறை மூலையில் முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு வரைவேன். செடிகளுக்கு வழியே இல்லை. மாசியில் மலை முழுக்கக் காய்ந்து கிடந்தது. மழைக்காலத்தில் பூத்ததை இப்போது எங்கே போய்ப் பறிப்பது? பதினைந்து நாளில் ஐந்து நோட்டில் இரண்டுதான் முடிந்தது.

பதினாறாம் நாள் கருமாதி. மறுநாள் விட்டு அதற்கு மறுநாள் பரீட்சை. காரியத்துக்கு எல்லோரும் குளக்கரைக்குக் கிளம்பினார்கள். கர்ப்பிணி வரக்கூடாது என்று அண்ணி வீட்டிலேயே இருந்தாள். அவளுக்குத் துணையாக நான். பெரியம்மாவுக்கு அன்றைக்குத் தாலி கழற்றும் சடங்கு. பூட்டுச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு போனாள்.

அப்பா கடைசியாகக் கிளம்பினார். நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சாவிய ஆணியில மாட்டிட்டுப் போறேன். நாங்க வர ரெண்டு மணி ஆவும்."

தெருவில் இறங்கி நடந்துவிட்டார். என் அப்பா இவ்வளவு தூரம் இறங்கி வருவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பட்டப்பகல் பதினொரு மணி. அண்ணி முன்னறையில் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் சாவியை எடுத்தேன். முள் கிளையைத் துணி சுற்றிய கையால் நகர்த்தினேன். பூட்டு ஒரு சத்தம் போட்டது. கதவைத் திறந்தேன்.

அந்துருண்டை வாசனை வந்தது. கட்டில் அப்படியே இருந்தது. அலமாரியின் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. ஐந்து பிரவுன் அட்டைகளும், அவற்றின் மேல் என் கையெழுத்தும் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தன. நான்கே எட்டு. போய் எடுத்து, துணியில் சுற்றி, பொன்னி வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது.

அவிட்டத்துக்கும் கருப்பைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அன்றைக்கும் அது எனக்குத் தெரியும், இன்றைக்கும் தெரியும். ஆனால் ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்த வயிறு. எந்த நட்சத்திரத்தின் தயவும் இல்லாமலே மூன்றாவது தடவையும் கலையலாம். அப்படி ஆகிவிட்டால்? யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியுமே. தினமும் காலையில் எழுந்து அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒருவேளை நான் எடுத்ததால்தானோ என்று எனக்கே தோன்றிவிடும். நூறு புத்தகம் படித்திருந்தாலும் தோன்றிவிடும். அந்தப் பயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு காலை நிலைப்படிக்கு மேலே தூக்கினேன். அது அந்தரத்திலேயே நின்றது. அந்தக் காலை எவ்வளவு கேவலமாகத் திட்டினேன் தெரியுமா? அது கேட்கவில்லை.

கதவைச் சாத்தினேன். பூட்டினேன். முள்ளை இருந்த மாதிரியே வைத்தேன். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இரண்டு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். அப்பா தலையையும் மீசையையும் மழித்திருந்தார். அடையாளமே தெரியவில்லை. சமையலறைக்கு வந்து, யாரும் பின்னால் இல்லையென்று பார்த்துக்கொண்டு, "எடுத்துக்கினியா?" என்றார்.

"இல்லப்பா."

மீசையில்லாத முகத்தில் எதையும் மறைக்க முடியாது. அந்த முகம் அப்படியே இளகியது. மண்டியில் முதுகில் இருக்கும் மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்கிற ஆளின் முகம் அது. சாவியை மாட்டிவிட்டுப் போன மனுஷன், குளக்கரையில் மூன்று மணி நேரமும் நான் எடுக்கக்கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவருக்குச் சோறு போட்டேன்.

பரீட்சை அன்றைக்கு இரண்டு நோட்டோடு போனேன். எக்ஸ்டர்னல் வயதானவர், நல்ல மனுஷர். இரண்டையும் புரட்டிவிட்டு, "டிராயிங் நல்லா இருக்கே. மீதி மூணு?" என்றார்.

"வீட்டுல இருக்கு சார்."

"வீடு எந்த ஊரு?"

"இந்த ஊருதான் சார். கோயில் பக்கம்."

"அவ்வளவுதானே? பஸ் பிடிச்சுப் போய் எடுத்துட்டு வாம்மா. ஒரு மணி நேரம் டைம் தர்றேன். இதுக்கா அழுவுற?"

நான் நகரவில்லை. அவர் சந்திரம்மாள் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இருபத்தோரு பேரும் மைக்ராஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். "என்னம்மா, போகலியா?" என்று அவர் மறுபடியும் கேட்டார். "முடியாது சார்" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்லி அவருக்குப் புரியவைப்பது? அவர் பெருமூச்சு விட்டு, பட்டியலில் என் நம்பருக்கு எதிரே ஒரு கோடு போட்டார்.

வைகாசியில் அண்ணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில், சுகப்பிரசவம். "பூட்டுதான் காப்பாத்திச்சு" என்று பெரியம்மா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். இல்லையென்று நிரூபிக்க எனக்கு எந்த வழியும் இல்லை. எனக்கும் மாப்பிள்ளை பார்த்தார்கள். செங்கத்தில் விதைக்கடை வைத்திருக்கும் சகாதேவன். வருஷம் திரும்பட்டும் என்று காத்திருந்து, பங்குனியில் கல்யாணம் என்று முடிவு செய்தார்கள். பங்குனி என்பது மார்ச். "பரீட்சை எழுதணும்னா எழுதட்டும், நாங்க வாணாம்னு சொல்லல" என்று மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையாகச் சொன்னார்கள்.

ஆவணியில் கெடு முடிந்தது. பூசை போட்டு அறையைத் திறந்தார்கள். எலி நுழையவில்லை, கரையான் ஏறவில்லை, ஒரு தாள்கூடக் கலையவில்லை. நாற்பது செடிகளும் படுத்த இடத்தில் படுத்திருந்தன. ஐந்து ரெக்கார்டுகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி குழந்தையோடு வந்து கதவருகே நின்றாள்.

"கஸ்தூரி, அன்னிக்கு நீ பூட்டத் தெறந்தப்ப நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன்" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"போ, எடுத்துக்கோ, எனக்கு ஒண்ணும் ஆவாதுனு சொல்லணும்னு தோணிச்சு. நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ எடுத்திருப்ப, இல்ல? வாய் வரிக்கும் வந்துச்சி கஸ்தூரி. வயித்துல கைய வெச்சிக்கினு, கண்ண இறுக்க மூடிக்கினு, தூங்கற மாரியே படுத்துக்கினு இருந்துட்டேன்."

அவள் அழுதுகொண்டிருந்தாள். குழந்தையும் அழ ஆரம்பித்தது. நான் ரெக்கார்டுகளைத் தரையில் வைத்துவிட்டு, எழுந்து போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.